விலாவில் அடி... எழுந்து நடந்தாலும் ஆபத்தா? மண்ணீரல் காயத்தை எப்படி கண்டுபிடிப்பது?

2025 அக்டோபர் 25, சிட்னி ஒருநாள் போட்டி. அலெக்ஸ் கேரி அடித்த பந்தை பின்னால் ஓடிப்போய் பிடித்த ஷ்ரேயாஸ் ஐயர், இடது விலாவில் அடிபட விழுந்தார். முதலில் விலா எலும்பு காயம் என்றே கருதப்பட்டது. ஸ்கேன் எடுத்தபோதுதான் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிந்தது தெரிந்தது. ஐசியு வரை போக வேண்டியதாயிற்று.

உடனே தெரியாதது ஏன்?

மண்ணீரல், இடதுபக்க கீழ் விலா எலும்புகளுக்கு அடியில் இருக்கும் மென்மையான உறுப்பு. வெளியே சிராய்ப்பே இல்லாமல் உள்ளே கிழியலாம். கசிவு மெதுவாக இருந்தால் வீரர் எழுந்து நடப்பார், 'ஒண்ணுமில்ல, ஆடுறேன்' என்பார். இளம் உடல் ரத்த இழப்பை சிறிது நேரம் சமாளிக்கும். ரத்த அழுத்தம் குறைவது பெரும்பாலும் தாமதமாகத்தான்.

எதை கவனிக்கணும்?

* உட்கார வைத்த பிறகும் குறையாத நாடித்துடிப்பு
* முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல்
* வயிறு இறுகுதல், வலி கூடிக்கொண்டே போவது
* தோளில் அடிபடாமலே இடது தோளில் வலி. கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது இது
* மூச்சுத்திணறல் இருந்தால் நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கலாம்

என்ன செய்யணும்?

கபடியோ கால்பந்தோ, இதில் ஒன்று தெரிந்தாலும் மறுபடி ஆட விடக்கூடாது. படுக்க வைத்து, சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்கணும். முதலில் எதுவும் தெரியாவிட்டாலும் விட்டுவிடாமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாடியும் வயிறும் பார்க்கணும். மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட், வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா என்று காட்டும். கிழிசல் எவ்வளவு என்பது சிடி ஸ்கேனில் தெரியும்.

ஐயருக்கு காயம் சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டு, சிறிய சிகிச்சையில் கசிவு நிறுத்தப்பட்டது. நவம்பர் 1-ல் டிஸ்சார்ஜ் ஆனார்.