மென்பொருள் ஒன்று, விளைவு இரண்டு

கடைக்கு பில் போடும் கம்பியூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் வாரச் சிரமம் தெரியும். வரிசை நீளும். சில வாடிக்கையாளர்கள் திரும்பிப் போவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்படித் தாமதம் ஏற்பட்டால் போவது உயிர்.

அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் சிறுவர் வைத்தியசாலை, வைத்தியர்கள் மருந்து எழுதும் முறையை 2002 ஒக்டோபரில் 6 நாட்களுக்குள் கம்பியூட்டருக்கு மாற்றியது. வேறு வைத்தியசாலைகளிலிருந்து அங்கு அனுப்பப்பட்ட சிறுவர்களின் மரண வீதம் 2.80 இலிருந்து 6.57 ஆக உயர்ந்ததை அங்குள்ள வைத்தியர்களே 2005 இல் வெளியிட்டனர். முன்பு நோயாளி வழியில் இருக்கும்போதே மருந்து தயாராகும். புதிய முறையில் அவர் வந்து பதிவான பின்னரே மருந்தைக் கோர முடிந்தது. கட்டிலருகே நிற்க வேண்டியவர்கள் திரையின் முன் அமர்ந்தனர்.

சியாட்டில் சிறுவர் வைத்தியசாலையும் 2003 இல் அதே மென்பொருளைப் பொருத்தியது. அங்கு தீவிர சிகிச்சைப் பிரிவில் மரணங்கள் அதிகரிக்கவில்லை என 2006 இல் வெளியான ஆய்வு கூறியது. அப்பிரிவுக்கு அடிக்கடி தேவைப்படும் மருந்து, பரிசோதனைகளைத் தொகுதி தொகுதியாக முன்னரே தயாரித்து வைத்திருந்தனர்.

சரக்கு ஒன்றுதான். வித்தியாசம் முன்னாயத்தத்தில் இருந்தது.

நாமோ மென்பொருள் வாங்கும்போது விலையில் மட்டும் பேரம் பேசுகிறோம். கவுண்டரில் நிற்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நெரிசலான நாளொன்றில் உங்கள் கடையில் வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். விற்பவரிடம் அதைக் காட்டி, அதன்படி இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு காசோலையில் கையொப்பமிடலாம்.