தந்தச் சுரூபம் நமக்கு வேண்டுமா?

தொழிற்சாலைகள் சூழ்ந்த வல்லம் வடகாலில் காட்டு யானைகள் இல்லை. ஆகவே யானை வேட்டைக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் வேட்டைக்காரனைக் காட்டிற்குள் அனுப்புவது, தந்தத்திற்கு ஊர்களில் கொடுக்கப்படும் விலையே.

தந்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டினுள் புதைந்துள்ளது. அதனை முழுமையாகப் பெறவே யானையைக் கொல்கின்றனர். ஆசிய யானைகளில் ஆணுக்கே நீண்ட தந்தம் உண்டு. ஆதலின் சத்தியமங்கலம் காடுகளில் வீரப்பன் கூட்டத்தாருக்கு இரையானவை ஆண் யானைகளே.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1986-இல் திருத்தப்பட்டு, இந்தியத் தந்த வணிகம் தடை செய்யப்பட்டது. செதுக்கிய தந்தம் எந்நாட்டு யானையுடையது எனக் கண்ணால் அறிதல் அரிது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் தடைக்குள் வந்தது.

காண்டாமிருகத்தின் நிலையும் இதுவே. அதன் கொம்பு நம் நகத்தை ஒத்த பொருளேயன்றி மருந்தன்று. இதனை உணர்த்தவே அசாம் அரசு 2021 செப்டம்பர் 22-இல் 2,479 கொம்புகளைத் தீக்கிரையாக்கியது.

போர்ச்சுகீசியர் காலத்தில் கோவாவில் பாடுபட்ட சுரூபங்களும் நல்லாயன் சுரூபங்களும் தந்தத்தில் செதுக்கப்பட்டன. முன்னோர் வழிவந்த அத்தகைய சுரூபம் நம் இல்லத்தில் இருப்பின், அதற்குரிய உரிமைச் சான்று குறித்து வனத்துறையிடம் கேட்டறிவோம். அதனை விற்க வேண்டா. புதிதாக ஒன்றை வாங்கவும் வேண்டா. பழையதை விலைபேசும் சந்தையில் புதியதும் கலந்துவிடும்.

நம் பிள்ளைகள் மரச்சிலுவையின் முன் முழந்தாளிட்டுச் செபிக்கட்டும். கல்வாரியில் நின்றதும் மரச்சிலுவையே அன்றோ!