பழங்காரைச் சாலையில் ஓட்ட எப்போது அனுமதி?

புதுதில்லி: வார இறுதிக் கண்காட்சிக்குப் பழங்காரை ஓட்டிச் செல்ல சட்டத்தில் இடமுண்டு, ஆனால், எல்லாப் பழைய காருக்கும் அல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களே 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யப்படும். சேஸிஸ், வெளிக்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக் கட்டணம் ரூ.20,000, பதிவு 10 ஆண்டுகள் செல்லும். பதிவெண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் இடம்பெறும்.

கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். அதே காரில் அன்றாடம் அலுவலகம் செல்வதும், திருமண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதும் விதிமீறலாகும். 1983-இல் அறிமுகமான மாருதி 800, எவ்வளவு பொலிவுடன் இருந்தாலும், இச்சலுகைக்கு இன்னும் தகுதி பெறவில்லை.