ஓவியத்தின் அடியில் ஓவியம்

ராஜராஜ சோழன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றி ஓர் இருண்ட சுற்றுப்பாதை உண்டு. அதன் சுவர்களில் வெளியே தெரிந்தவை நாயக்கர் கால ஓவியங்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு உள்ளே போய்ப் பார்த்தார். காரை பெயர்ந்த இடத்தில், அடியில் இன்னோர் ஓவியம்! அது சோழர் காலத்துக் கைவண்ணம்.

அந்த ஓவியத்தில், வெள்ளை யானை மீது கயிலைக்குப் போகிறார் சைவ அடியார் சுந்தரர். கூடவே குதிரையில் அவருடைய நண்பரான சேர மன்னர் சேரமான் பெருமாள். அந்தக் குதிரையின் பாய்ச்சல் ஆயிரம் வருடத்துக்கு முன்பு தீட்டியது என்றால் நம்பவே முடியாது. மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களையும் தொல்லியல் துறையினர் வீணாக்கவில்லை. சில இடங்களில் அவற்றை அப்படியே உரித்தெடுத்து, தனிப் பலகைகளில் பதித்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.