வீட்டுப் பட்டறையில் 'டிரிஃப்ட்' கார்: தண்டனை உண்டு, பரிசோதனை இல்லை

புது தில்லி: ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கும் தீர்மானத்தால் மாநிலங்களவை கொந்தளித்துக் கொண்டிருந்த 2019 ஆகஸ்ட் 5-ம் தேதி, மக்களவையில் வேறொரு மசோதா ஏறக்குறைய எவர் கவனத்தையும் ஈர்க்காமல் இறுதிக் கட்டத்தைக் கடந்தது. மோட்டார் வாகனச் சட்டத் திருத்த மசோதாவில் மாநிலங்களவை செய்திருந்த சிறு திருத்தங்களை மக்களவை அன்று ஏற்றுக்கொண்டது. நான்கே நாள்களில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. செப்டம்பர் 1-ம் தேதி முதல் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன.

ஹெல்மெட் அணியாததற்கு எவ்வளவு, குடித்துவிட்டு ஓட்டினால் எவ்வளவு என்றுதான் நாடு முழுவதும் பேச்சு. குஜராத் போன்ற மாநிலங்கள் அபராதத் தொகையைக் குறைத்ததும், மேற்கு வங்கம் ஏற்க மறுத்ததும் தலைப்புச் செய்திகளாயின. அந்தச் சந்தடியில் 182-ஏ என்ற புதிய பிரிவின் 4-வது உட்பிரிவைப் படித்தவர்கள் குறைவு. சட்டம் அனுமதிக்காத முறையில் தனது வாகனத்தில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அது.

இந்த ஒரு வரியால் நேரடியாகப் பாதிக்கப்படுபவர்களில், வீட்டின் பின்புறத்திலோ வாடகைக் கொட்டகையிலோ பழைய வண்டியைப் பிரித்துப் போட்டு 'டிரிஃப்ட்' கார் ஆக்க முயலும் இளைஞர்களும் அடங்குவர்.

வளைவில் பின் சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கச் செய்து, அதே வேளையில் கட்டுப்பாட்டையும் இழக்காமல் ஓட்டுவதே டிரிஃப்ட். ஜப்பானின் மலைச் சாலைகளில் இரவு நேரச் சாகசமாகத் தொடங்கிய இது, கெய்ச்சி சுச்சியா போன்ற ஓட்டுநர்களால் பந்தயக் களத்துக்கு வந்தது. 2000-களின் தொடக்கத்தில் அங்கு தொழில்முறைப் போட்டியாக வளர்ந்தது. சர்வதேச மோட்டார் வாகன சம்மேளனமே 2017-ம் ஆண்டு டோக்கியோவில் இதற்கென ஒரு கோப்பைப் போட்டியை நடத்தியது. இங்கே முதலில் வந்தது விளையாட்டு அல்ல, அதன் படங்கள். 2006-ல் வெளியான ஹாலிவுட் படமும், பின்னர் கைபேசிக் காணொளிகளும் அந்த ஆசையை வட இந்திய நகரங்களின் குடியிருப்புகளுக்குள் கொண்டுவந்து சேர்த்தன.

பின் சக்கரத்தைத் தேடி...

ஆனால் டிரிஃப்ட் செய்ய எஞ்சினின் சக்தி பின் சக்கரங்களுக்குச் செல்லும் கார் வேண்டும். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா என ஒரு காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடியவை எல்லாம் அந்த ரகமே. 1983 டிசம்பரில் பிரதமர் இந்திரா காந்தி சாவி வழங்கித் தொடங்கிவைத்த மாருதி 800, முன் சக்கர இயக்கம் கொண்டது. அதன் பின் சாமானியர் வாங்கும் சிறிய கார்கள் பெரும்பாலும் அந்த வழியிலேயே சென்றுவிட்டன. அரசுத் துறை நிறுவனம் ஒன்று நாட்டின் கார்களையே திருப்பிப் போட்டது எனலாம்.

எஞ்சியவை மாருதியின் ஆம்னி வேன், ஜிப்சி, பழைய ஜீப்புகள், கையில் பணமிருந்தால் இரண்டாம் கை பி.எம்.டபிள்யூ. இவற்றில் ஜிப்சியும் ஜீப்பும் உயரமானவை. சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளமும் குறைவு. தாழ்வான கார் வழுக்கினால் சுழலும். உயரமான ஜிப்சி வழுக்கினால் கவிழும். காணொளியில் பார்த்ததைக் கிடைத்த வண்டியில் செய்து பார்ப்பதில் உள்ள முதல் ஆபத்து இது.

உதிரி பாகங்களுக்குத் தில்லியில் பஞ்சமில்லை. காஷ்மீரி கேட்டில் மொத்த வியாபாரம், கரோல் பாக்கில் அலங்காரப் பொருள்கள், மாயாபுரியில் உடைத்துப் பிரித்த வண்டிகளின் பாகங்கள். சென்னை புதுப்பேட்டையை அறிந்த வாசகர்களுக்கு மாயாபுரியை விளக்க வேண்டியதில்லை.

பற்றவைத்த பல்சக்கரம்

வீட்டுப் பட்டறையில் முதலில் கை வைக்கப்படுவது டிஃபரன்ஷியல். வளைவில் வெளிப்புறச் சக்கரம் அதிகத் தூரமும் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழி செய்வது இதற்குள் இருக்கும் சிறிய பல்சக்கரங்களே. டிரிஃப்டுக்கு இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகச் சுழன்று ஒன்றாக வழுக்க வேண்டும். அதற்கென்றே தயாரிக்கப்படும் சாதனம் விலை அதிகம். எனவே உள்ளிருக்கும் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். செலவு சொற்பம், விளைவு சொற்பமல்ல. சாதாரணத் தெருவில் திரும்பும்போதே டயர்கள் தேய்ந்து இழுபடுகின்றன. ஆக்ஸில் தண்டின் மீது முறுக்கு ஏறுகிறது. ஈரச் சாலையில் மெதுவாகப் போகும்போதும் பின்பக்கம் விலகும். வெல்டிங் சூட்டில் நொறுங்கும் தன்மை அடைந்த இரும்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து கிரௌன் பினியனுக்குள் சிக்கினால், ஓட்டத்தின் நடுவே பின் சக்கரங்கள் இறுகி நின்றுவிடவும் கூடும்.

அடுத்தது கை பிரேக். கேபிள் மூலம் இயங்கும் பழையதை எடுத்துவிட்டு, பின் பிரேக்குக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயை வெட்டி, நடுவில் நெம்புகோலுடன் கூடிய ஒரு சிலிண்டரைப் பொருத்துகிறார்கள். இழுத்தவுடன் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். வண்டி சறுக்கத் தொடங்கும். குழாயின் முனையைச் சரியாக விரித்துப் பொருத்தாவிட்டால் எண்ணெய் கசியும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் மிதித்த கால் பலகை வரை போகும், வண்டி நிற்காது. அழுத்தம் சிறிது சிறிதாகக் குறையும் என்பதால் இந்தக் கைப்பிடியை நம்பி வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்கவும் முடியாது.

ஸ்டியரிங் அதிகமாகத் திரும்புவதற்காகச் சக்கரத் தாங்கிகளை வெட்டி ஒட்டுவது, ஷாக் அப்சார்பரை மாற்றுவது, பெரிய ரேடியேட்டர் வைப்பது என்று பட்டியல் நீளுகிறது. ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் என்று கணக்கிட்டால், பல வண்டிகளின் விலையை அபராதம் எட்டிப் பிடித்துவிடும்!

பழுது பார்ப்பதும் இதே வீட்டில்தான். ஜாக்கியை மட்டும் நம்பி, தாங்கு கட்டை வைக்காமல் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்வது நாட்டின் எல்லாத் தெருவோரப் பட்டறைகளுக்கும் உள்ள பழக்கம். டிரிஃப்ட் வண்டி ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் தூக்கிப் பார்க்கப்பட வேண்டியது என்பதால் இங்கு ஆபத்து பல மடங்கு.

'தயாரிப்பாளர் சொன்னதே இறுதி'

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, 2000-ம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். கேரளத்திலிருந்து வந்த வழக்கில் 2019 ஜனவரி 9-ம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு இதை உறுதி செய்தது. மாநில அரசின் விதி எப்படியிருந்தாலும் அது நாடாளுமன்றச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்றும் அந்தத் தீர்ப்பு கூறியது. மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலின் 35-வது இனம் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தளர்வு வேண்டுமானாலும் தில்லிதான் தர வேண்டும்.

சில கதவுகள் திறந்தே உள்ளன. எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாற்றலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்பத் திருத்தி அமைக்கலாம். இவை அனைத்தும் அங்கீகாரத்துக்கு உட்பட்டவை. புணேயிலும் மானேசரிலும் உள்ள சோதனை மையங்கள் அடிப்படையில் தயாரிப்பாளர்களின் மாதிரி வாகனங்களுக்காக ஏற்பட்டவை. ஒரே ஒரு வண்டியில் ஒரே ஒருவர் செய்த வேலையைப் பார்த்து, 'இது பாதுகாப்பானது', 'இதைக் கழற்று' என்று சொல்லும் ஏற்பாடு சட்டத்தில் அமைக்கப்படவில்லை.

ஜெர்மனியில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் மாற்றத்தைச் சோதித்து வாகன ஆவணத்திலேயே பதிவு செய்ய வழி செய்கிறார். பிரிட்டனில் தனி வாகனங்களுக்கான ஒப்புதல் சோதனை உண்டு. டிரிஃப்டின் தாயகமான ஜப்பானில் கட்டமைப்பு மாற்றத்துக்கென்று தனிச் சோதனை இருக்கிறது. அந்த நாடுகளில் எல்லாவற்றையும் அனுமதித்துவிடுகிறார்கள் என்பதல்ல. மறுப்பதற்கு முன் ஒருவர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கிறார் என்பதே வேறுபாடு. இங்கு பிடிபட்டால் குற்றம். பிடிபடாவிட்டால் அந்தப் பிரேக்கை யாரும் பார்ப்பதே இல்லை. காட்டிக்கொள்ள முடியாத வேலை என்பதால், தேர்ந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோகவும் தயங்குகிறார்கள்.

காப்பீட்டிலும் பாதுகாப்பு இல்லை. வழக்கமான தனியார் கார் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவை வெளிப்படையாக விலக்கப்பட்டுள்ளன. தெரிவிக்கப்படாத மாற்றங்கள் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

ஓட்ட இடம் எங்கே?

சட்டத்தின் 2-வது பிரிவில் சுவையான ஒரு விதிவிலக்கு உள்ளது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படும் வகையில் அமைந்த சிறப்பு வாகனம், சட்டத்தின் பார்வையில் 'மோட்டார் வாகனம்' அல்ல. பந்தயத் தளத்துக்கென்றே பிறந்த கார் அந்த நிழலில் நிற்கலாம். ஆனால் ஒருமுறை சாலைக்கெனப் பதிவான ஜிப்சி? பதிவை ரத்து செய்ய வேண்டுமானால் வண்டி அழிந்திருக்க வேண்டும் அல்லது நிரந்தரமாக இயங்க முடியாததாக ஆகியிருக்க வேண்டும் என்கிறது 55-வது பிரிவு. 'இனி தளத்தில் மட்டும் ஓட்டுவேன்' என்பது அங்கு சொல்லப்பட்ட காரணமல்ல.

தளங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இருங்காட்டுக்கோட்டை, கோவை என்று தமிழகத்தில் இருப்பது வட இந்தியாவுக்கு வாய்க்கவில்லை. தலைநகரை ஒட்டி கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேசப் பந்தயத் தளத்தில் 2011 முதல் 2013 வரை மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் நடந்தது. 2023-ல் மோட்டோ ஜி.பி. வந்தது. அது கோடிகளின் களம். வீட்டில் வண்டி கட்டிய கல்லூரி மாணவருக்கு வாரக் கடைசியில் சிறு கட்டணத்தில், ஆம்புலன்ஸும் தீயணைப்புக் கருவியும் நிற்கும் ஒரு வெற்றுத் தார்த்தரை போதும். அது கிடைக்காதபோது நள்ளிரவில் காலியான சாலை அழைக்கிறது. மாநில அரசின் அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என 189-வது பிரிவும் 2019-ல் கடுமையாக்கப்பட்டது. ஓட்டியவர் சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் காத்திருக்கின்றன.

கண்டிப்புக்கு நியாயம் இல்லாமலில்லை. 2022-ம் ஆண்டில் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இப்படியொரு நாட்டில் தெருவில் சறுக்கும் காருக்குப் பரிவு காட்டுமாறு எந்த எம்.பி.யும் எழுந்து பேசத் தயங்குவார். 2024-ல் ஆலப்புழையில் காருக்குள் நீச்சல் தொட்டி அமைத்துச் சாலையில் வலம் வந்த யூடியூபர் போன்றவர்கள், அக்கறையுடன் வேலை செய்பவர்களின் வழக்கையும் சேர்த்தே கெடுத்துவிட்டனர். நடைபாதையில் நடப்பவர் எந்தப் பந்தயத்திலும் பங்கேற்கச் சம்மதித்தவர் அல்லர்.

ஆயினும் 2019 திருத்தச் சட்டம் இன்னொரு வாசகத்தையும் 52-வது பிரிவில் சேர்த்தது. வாகன மாற்றங்களுக்கான தர அளவுகள், ஒப்புதல் நிபந்தனைகள் ஆகியவற்றை மத்திய அரசு விதிகளாக வகுக்கலாம். அவ்வாறு செய்த மாற்றத்தைக் காரணம் காட்டித் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாது என்று கூற முடியாது என்பதே அது. தனிநபர் மாற்றங்களுக்கான சோதனைமுறையை, மாநிலங்களவையில் மீண்டும் 108-க்கு 13 என்று வாக்கெடுப்பு நடத்தாமல், அமைச்சகத்தின் அறிவிக்கை மூலமே கொண்டுவர இந்த அதிகாரம் இடமளிக்கிறது. 'வகுக்கலாம்' என்பதற்கும் 'வகுக்க வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம் நாடாளுமன்ற வட்டாரங்களுக்குப் புதியதல்ல.

இதற்கிடையே டிரிஃப்டுக்கு ஏற்ற பழைய வண்டிகளே தலைநகரில் அருகி வருகின்றன. 15 ஆண்டைக் கடந்த பெட்ரோல் வாகனங்களும் 10 ஆண்டைக் கடந்த டீசல் வாகனங்களும் தில்லியில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. அது குறித்த வழக்கு 2025-லும் தொடர்ந்தது. அந்த ஆண்டுகளில் தில்லிப் பதிவெண் கொண்ட ஜிப்சிகளும் ஆம்னிகளும் ஒன்று உடைப்பவரிடம் போயின, அல்லது தடையில்லாச் சான்றிதழுடன் பிற மாநிலங்களுக்குப் பயணமாயின.