போட்டிக்கு முந்தைய இசையும் விளையாட்டு அணிகளும்

போட்டிக்கு முந்தைய இசை என்பது, விளையாட்டு வீரர்கள் களத்தில் இறங்கும் முன் தங்கள் உடலையும் மனத்தையும் ஆயத்தப்படுத்துவதற்காகக் கேட்கும் இசையாகும். அணிப் பேருந்து, உடைமாற்றும் அறை, உடல் தளர்த்தும் பயிற்சி நடக்கும் திடல் ஆகிய இடங்களில் இது ஒலிக்கிறது. தடகளப் போட்டிகளில் களத்திற்குள் இசைக்கருவிகளைக் கொண்டுசெல்ல விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே போட்டிக்கு முந்தைய நேரமே இசைக்கு உரிய நேரமாக அமைகிறது.

செயல்படும் விதம்

விளையாட்டுக்கு முன் ஒருவரின் உடலும் மனமும் எந்த அளவுக்கு விழிப்பாகவும் துடிப்பாகவும் உள்ளன என்பதை உளவியலாளர்கள் 'கிளர்ச்சி நிலை' என்பர். இது குறைந்தால் சோர்வு, மிகுந்தால் பதற்றம். அளவான கிளர்ச்சியில்தான் செயல்திறன் சிறக்கிறது என்ற கருத்து, 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் ஆகிய இருவர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது.

வேகமான, உரத்த இசை இதயத் துடிப்பையும் மூச்சையும் சற்று உயர்த்தும். மெதுவான இசை அவற்றைத் தணிக்கும். எனவே இசையின் பணி வெறியேற்றுவது மட்டுமன்று. பளுதூக்குபவருக்கு எழுச்சி தேவைப்படலாம். வில்வித்தை வீரருக்குக் கை நடுங்காத அமைதி தேவை. ஒரே வீரருக்கும் ஒரு நாள் எழுச்சியும் மறுநாள் அமைதியும் தேவைப்படலாம்.

ஊக்கமூட்டும் இசையின் கூறுகள்

லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காஸ்டாஸ் கராகியோர்கிஸ் இத்துறையின் முன்னணி ஆய்வாளர். இசையின் ஊக்கமூட்டும் தன்மையை அளக்க 1999-இல் அவரும் சக ஆய்வாளர்களும் ஒரு வினாநிரலை வெளியிட்டனர். அதில் நான்கு கூறுகள் கருதப்பட்டன:

1. தாளத்திற்கு உடல் இசைந்து அசைதல்
2. மெட்டு, சுருதி முதலிய இசைத்தன்மை
3. கேட்பவரின் பண்பாட்டில் அவ்விசைக்குள்ள இடம்
4. அவ்விசை எழுப்பும் நினைவுகள்

நான்காவது கூறுக்கு, 1976-இல் வெளிவந்த 'ராக்கி' திரைப்படம் நல்ல எடுத்துக்காட்டு. குத்துச்சண்டை வீரரின் பயிற்சிக் காட்சியில் ஒலிக்கும் அந்த இசையைக் கேட்டதும், படம் பார்த்தவர்களுக்கு விடாமுயற்சியே நினைவுக்கு வருகிறது.

தனி வீரரும் அணியும்

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 8 தங்கம் வென்ற நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸ், போட்டி தொடங்கச் சற்று முன்புவரை ஹெட்போனில் பாட்டுக் கேட்டுவந்தார். கூட்டத்தின் இரைச்சலிலிருந்து அவரைப் பிரித்துவைக்க அது உதவியது. அணி விளையாட்டில் தேவை வேறு. பலரையும் ஒரே மனநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

2006-இல் ஜெர்மனி உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அந்நாட்டு அணி இத்தாலியிடம் 1–4 என்று தோற்றுக் கடும் விமர்சனத்துக்கு உள்ளாகியிருந்தது. உலகக் கோப்பையின்போது அவ்வணியினர் தம் பாடலாக ஏற்றது சேவியர் நாய்டூவின் 'டீசர் வேக்'. 'இந்தப் பாதை' என்பது அதன் பொருள். அது ஆரவாரமான வெற்றிப் பாட்டு அன்று. கடினமான பாதையைப் பற்றியது. அணியின் அப்போதைய நிலைக்கு அது பொருந்தியது. அந்த அணியைப் பற்றிய ஆவணப்படத்திலும் அப்பாடல் இடம்பெற்றது.

கருவியிசை இல்லாமலும் இப்பயன் கிடைக்கும். நியூசிலாந்து ரக்பி அணி ஆட்டத்துக்கு முன் நிகழ்த்தும் மாவோரி மக்களின் 'ஹக்கா', குரலாலும் காலடித் தாளத்தாலும் அணியை ஒன்றிணைக்கிறது.

வரம்புகள்

இசை திறமையைத் தராது. இருக்கும் திறமை வெளிப்பட வழிசெய்யும். 2006-இல் ஜெர்மனி அரையிறுதியில் மீண்டும் இத்தாலியிடமே 0–2 என்று தோற்றது. பின்னர் போர்ச்சுகலை வென்று மூன்றாம் இடம் பெற்றது.

ஒருவருக்கு எழுச்சி தரும் பாடல் மற்றவருக்கு எரிச்சல் தரலாம். ஆகவே பாடலைப் பயிற்சியாளர் திணிப்பதைவிட வீரர்களே கூடித் தேர்ந்தெடுப்பது நல்லது. புதிய பாடலைப் பயிற்சி நாள்களிலேயே பழகிப் பார்க்க வேண்டும். ஒலி மிகுந்தால் செவிக்குக் கேடு. பயிற்சியாளரின் இறுதி அறிவுரை தொடங்கும்போது இசையை நிறுத்திவிட வேண்டும்.