டால்டாவுக்குள் ஓர் உளவாளி

நெய்யில் டால்டா கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. உருக்கினால் இரண்டறக் கலக்கும், ஆறினால் ஒன்றாக உறையும். மூக்கு சந்தேகப்பட்டாலும் ஒரு சொட்டு எசென்ஸ் அதன் வாயை அடைத்துவிடும். ஆனால் ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாய் இரண்டே நிமிடத்தில் சிவந்து காட்டிக்கொடுக்கிறது. அந்தச் சிவப்பைக் கலப்படம் நடப்பதற்கு முன்பே, டால்டா தயாராகும் ஆலையிலேயே, சட்டம் ஒளித்துவைத்துவிட்டது.

டால்டா என்று நாம் பொதுவாகச் சொல்லும் வனஸ்பதி, தாவர எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கிய கொழுப்பு. அதை விற்பது குற்றமில்லை. நெய் என்று விற்பதுதான் குற்றம். ஆகவே இந்திய விதி வனஸ்பதி தயாரிப்பாளருக்கு ஒரு நிபந்தனை போட்டது: எடையில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும். ருசிக்காக அல்ல, சத்துக்காகவும் அல்ல. காட்டிக்கொடுப்பதற்காக.

ஏன் நல்லெண்ணெய்? எள்ளில் செசமோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அது உடைந்து செசமால் பிறக்கும். அங்கே ஃபர்ஃபியூரால் (கரும்புச் சக்கை, தவிடு போன்றவற்றிலிருந்து எடுக்கும் திரவம்) காத்திருந்தால் இரண்டும் சேர்ந்து செக்கச்செவேலென்று ஆகிவிடும். இதற்குப் போடோவன் சோதனை என்று பெயர். உருக்கிய நெய் 5 மில்லி, அமிலம் 5 மில்லி, ஃபர்ஃபியூரால் கரைசல் சில துளிகள். குலுக்கி வைத்தால் மேலே நெய் மிதக்கும், அடியில் அமிலம் தங்கும். அடிப்பகுதி சிவந்ததா? கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி குலுக்குவார்கள். அப்போதும் நிறம் போகவில்லையென்றால் எள் இருக்கிறது.

கணக்குப் போட்டால்தான் இதன் நுணுக்கம் புரியும். ஒரு கிலோ ‘நெய்’யில் 200 கிராம் வனஸ்பதி இருந்தால், அதனுள் வந்த நல்லெண்ணெய் வெறும் 10 கிராம். இரண்டு தேக்கரண்டி! அதைத்தான் குழாய் கண்டுபிடிக்கிறது. வனஸ்பதிக்குப் பளிச்சென்று நிறமே ஏற்றிவிடலாமே என்ற யோசனையும் 1950களில் நாடாளுமன்றம்வரை போனது. எனக்கென்னவோ எள்தான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. நிறம் கண்ணில் பட்டால் அதை நீக்க வழி தேடுவார்கள். எள்ளோ எண்ணெயோடு எண்ணெயாகக் கிடக்கும். ஜெர்மனி இந்தத் தந்திரத்தை 1897-லேயே மார்கரினில் செய்து பார்த்துவிட்டது.

குழாய் சிவந்தால் மட்டும் வழக்கு நிற்காது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் எடுத்த மாதிரியை அலுவலர் நான்கு பங்காக்கி முத்திரை வைக்கிறார். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். இரண்டு நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். கடைக்காரர் கேட்டால் நான்காவது பங்கு அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போகும். அறிக்கையை ஏற்காதவர் மேல்முறையீடு செய்யலாம். அதற்காகத்தான் அந்த முத்திரை உடைக்காத பங்குகள்.

இந்த உளவாளிக்கு ஒரு பலவீனம் உண்டு. எள்ளைத் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. வனஸ்பதியை விட்டுவிட்டுப் பாமாயிலையோ மாட்டுக் கொழுப்பையோ கலந்தால் குழாய் வாய் திறக்காது. நல்லெண்ணெய்க் கரண்டியைக் கழுவாமல் விட்ட நெய்ப் பானையைக்கூட அது குற்றவாளி ஆக்கிவிடலாம்.

அங்கேதான் ரைக்கர்ட் எண் வருகிறது. நெய்யில் பியூட்டிரிக் அமிலம் உண்டு. வெண்ணெய் கெட்டால் வீசுகிறதே ஒரு வாடை, அதன் சொந்தக்காரர் இவர்தான். ஆவியாகும் இத்தகைய அமிலங்கள் எவ்வளவு என்று அளந்தால் நல்ல நெய்யில் எண் 28-ஐ ஒட்டி வரும். தேங்காயெண்ணெயில் 7 அளவில் நின்றுவிடும், வனஸ்பதியில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. கலப்படம் கூடக்கூட எண் இறங்கும்.

ஆனால் மாடு என்ன தின்றது என்பதும் அந்த எண்ணை மாற்றும்! பருத்திக்கொட்டை நிறையத் தின்னும் மாட்டின் நெய்யில் எண் தானாகவே குறையும், பாலில் சூது எதுவும் இல்லாமலே. அதனால் சௌராஷ்டிரம் போன்ற பருத்தி விளையும் பகுதிகளின் நெய்க்கு விதிகள் தனி அளவுகோல் வகுத்தன. தொட்டியில் என்ன போட்டார்கள் என்பதைச் சட்டமும் விசாரிக்க வேண்டியிருந்தது.